ஏழாம் நம்பர் பை

அக்கா வீட்டு வாசலில் இரண்டு பெயர்ப்பலகைகள் உண்டு. மேலே இருப்பது பித்தளை. அதில் ஓர் ஆணின் பெயர். கீழே இருப்பது பிளாஸ்டிக். அதில் அக்காவின் பெயர். மேலே பெயர் உள்ளவர் வீட்டைவிட்டுப் போய், நான் முதன்முதலாக அந்த வாசலில் வண்டியை நிறுத்தியபோதே பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈப்போவில் வேறு குடும்பம், இரண்டு பிள்ளைகள். தெருவுக்கே தெரியும். அக்கா மட்டும் வாராவாரம் புளி போட்டு அந்தப் பித்தளையைத் தேய்ப்பார்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"உனக்கு ரோஷமே கிடையாதா? கழட்டி லோங்காங் சாக்கடையில வீசு லா!"

"ஏங்க்கா, அவரு இந்த வீட்டுல இருந்தாரா இல்லையா?"

"இருந்தான், இருந்தான்."

"அப்ப பலகை பொய் சொல்லலையே. இப்ப யாரு இருக்காங்கன்னு கீழ எழுதிப் போட்டிருக்கேன். மேல இருந்து கீழ படிச்சா எல்லாம் வெளங்கிடும்."

"யாரு படிக்கப்போறா? தபால்காரனா?"

"அவரும் படிக்கட்டுமே."

அக்கா இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். இரண்டு பலகையும் இருக்கின்றன. பித்தளை கறுத்துவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் கொஞ்ச நேரம் நிற்பதுதான் என் வேலையாக இருக்கிறது.

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அக்கா, அவ்வளவுதான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் வண்டி ஓட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர், ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவர். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ரோட்டுப் பலகையில் உள்ள மலாய் தெரியும். ஆங்கிலத்தில் என் பெயரை மட்டும் படிப்பேன். இருபது வருடம் வண்டிப் புத்தகத்தில் தினமும் இரண்டு வேளை அதைத்தானே எழுதினேன்.

அக்காவின் வேலை பூச்சிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது. எல்லாப் பூச்சியும் இல்லை. வண்டும் ஈயும் பட்டாம்பூச்சியும் மற்றவர்களுக்கு. "வாய் ஊசியா இருந்தா நம்ம ஆளு" என்பார். கடிக்கிற வாய், நக்குகிற வாய் எல்லாம் அவருக்கு அந்நியம். குத்தி உறிஞ்சுகிற வாய் இருந்தால்தான் அவர் மேசைக்கு வரும். மூட்டைப்பூச்சிக்கும் அதே வாய் என்பதால் ஆபீசில் அவருக்கு 'மூட்டைப்பூச்சி அக்கா' என்று பெயர். வாசலில் இருந்த ஜாகா, அதாவது காவல்காரர், ஒருமுறை முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அக்கா கோபிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, மூட்டைப்பூச்சிக் குடும்பம் எது, தன் குடும்பம் எது, இரண்டுக்கும் எத்தனை தலைமுறைக்கு முன்னால் உறவு என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் அக்காவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை, தூரத்தில் பார்த்தாலே கேட்டைத் திறந்துவிட்டுவிடுவார்.

அக்காவின் குடும்பத்துக்குப் பெயர் ஸ்கிசாப்டெரிடே. இதை வாயில் நுழைக்க எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. காட்டில் மரத்தடியில் இலை விழுந்து விழுந்து மக்கிக் கிடக்கும் அல்லவா, அதற்குள் வசிக்கிறவை. ஒரு கடுகை நாலாக உடைத்தால் அதில் ஒரு துண்டு, அவ்வளவு பெரிது. தொட்டால் குதிக்கும். குதித்தால் எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் அவற்றைக் குதியான் என்று சொல்வேன். அக்காவும் சில நேரம் அப்படியே சொல்வார்.

வேலை இப்படி நடக்கும். மலைக்குப் போய் மக்கிய இலையை அள்ளிச் சல்லடையில் சலித்துத் துணிப்பையில் கட்டுவோம். எந்த இடம், எந்த நாள் என்று எழுதிய சீட்டு பைக்குள் ஒன்று, பைக்கு வெளியே ஒன்று. அன்றைக்கே கொண்டுவந்து பெரிய புனல்களில் கொட்டி, மேலே பல்பைப் போட்டுவிட வேண்டும். சூட்டுக்குப் பயந்து பூச்சிகள் கீழே கீழே இறங்கி, அடியில் உள்ள சாராயக் குப்பியில் விழுந்துவிடும். அக்கா பூதக்கண்ணாடிக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒற்றை மயிர்த் தூரிகையால் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுவார். குதியான் என்றால் உணர்கொம்பில் முதல் இரண்டு கணு குட்டையாகவும் அடுத்த இரண்டும் நூல் மாதிரி நீண்டு மயிரோடும் இருக்க வேண்டும். ஆணாக இருந்தால் வால்முனை ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். அந்தக் கோணல் இனத்துக்கு இனம் வேறு.

"கோணல்தான் தம்பி இவனுங்க அடையாளம். நேரா இருந்தா நான் நம்ப மாட்டேன்" என்பார்.

பிறகு அந்தத் துணுக்கை ஒரு முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டி, அட்டையை ஊசியில் குத்தி, ஊசியில் கீழே சீட்டுகள். முதல் சீட்டில் கிடைத்த இடம். அதற்குக் கீழே, என்ன குடும்பம் என்று பார்த்தவர் எழுதும் சீட்டு. பிற்காலத்தில் வேறொருவர் வந்து, முன்னவர் சொன்னது தப்பு என்றால், தப்பான சீட்டைக் கழற்றக் கூடாது. அதற்கும் கீழே தன் சீட்டைக் குத்த வேண்டும். இது உலகம் முழுவதும் உள்ள வழக்கமாம். அக்காவுக்கு அது வழக்கம் இல்லை, வேதம்.

வீட்டிலும் அப்படித்தான். சமையலறையில் ஒரு மைலோ டின்னில் 'சீனி' என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே 'இல்லை, உப்பு'. அதற்கும் கீழே 'மழைக்காலத்தில் மறுபடி சீனி'. ஒரு நாள் எனக்குக் கோப்பி கலக்கும்போது அவரே தடுமாறி நின்றார்.

"நக்கிப் பாத்திடலாமே அக்கா."

"அது கடைசி வழி தம்பி" என்று சொல்லிவிட்டு, நக்கித்தான் பார்த்தார்.

ஆபீசில் ஒரு பெரிய படிப்புப் படித்தவர் இருந்தார். அக்கா பிரித்துவைத்த ஒரு குதியானைப் பார்த்து, இது இந்தக் குடும்பமே இல்லை என்று சீட்டு எழுதிக் குத்திவிட்டார். அக்கா வாதாடவில்லை. அவருடைய சீட்டுக்குக் கீழே பேசாமல் தன் சீட்டைக் குத்தி, பெட்டியை மூடினார். 'சர்ட்டிபிகேட் இல்லாதவங்களுக்கு வாய் நீளம்' என்று அந்த மனிதர் வராந்தாவில் சொன்னது எனக்கே கேட்டது. பல வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். பெட்டியைத் திறந்து, பூச்சியைப் பார்த்து, இரண்டு சீட்டையும் படித்து, கீழே உள்ளதுதான் சரி என்று மூன்றாவதாக ஒன்று எழுதிக் குத்தினார். அன்றைக்கு அக்காவை வீட்டில் விடும்போது கேட்டேன்.

"சந்தோஷம்தானே அக்கா?"

"மேல உள்ளதக் கழட்டியிருந்தா, நான் எதுக்கு மறுத்தேன்னே அவருக்குத் தெரிஞ்சிருக்காது பாத்தீங்களா" என்றார்.

இதையெல்லாம் நான் சுற்றிச் சுற்றிச் சொல்கிறேன். சொல்ல வேண்டியது வேறு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் தாடை வலிக்கிறது.

அக்கா ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது ஒரு நாள். பினாங்கு மலையில் ஜீப் போகும் பாதையில் மூன்றாவது வளைவில் இலை எடுத்தோம். அக்காவுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்ததால் தன்னை முதலில் வீட்டில் இறக்கிவிடச் சொன்னார். எட்டுப் பை. "நேரா ஆபீசுக்குப் போயி புனல்ல கொட்டிடச் சொல்லுங்க தம்பி, எங்கயும் நிக்காதீங்க" என்று சொல்லித்தான் இறங்கினார். ஆனால் அதற்கு முன்பே, மலையடிவாரத்தில் பூந்தோட்டத்து வாசல் ஸ்டாலில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்திருந்தோம். வண்டியின் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை. கயிறு போட்டுக் கட்ட வேண்டும். மழை வரும்போல இருந்ததால் அவசரத்தில் நான் கட்டவில்லை.

அக்காவை விட்டபின் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சுங்கை பினாங்கில் இருந்த என் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். மனைவிக்கு இருமல் மருந்து வாங்கி வைத்திருந்தேன், அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. போன மாதம்தான் ஆபீஸ் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போனதற்காக என்னைக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று தெளிவாகவே சொன்னார்கள். மருந்தை எடுக்கப் பின்கதவைத் திறந்தேன். ஏழாம் நம்பர் பை கிழிந்து கிடந்தது. உள்ளே சீட்டைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில் குரங்குப் பீ.

தோட்டத்து வாசலில் குரங்குகள் பையைப் பிடுங்குவது அங்கே போகிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் தேத்தண்ணி குடித்த பத்து நிமிடத்தில் நடந்திருக்கிறது. கதவைக் கட்டாதது என் குற்றம். மறுபடி மலைக்குப் போனால் இருட்டிவிடும். வெறும் பையோடு போனால் ஏன், எப்படி, இப்போது மணி என்ன, இடையில் எங்கே நின்றாய் என்று ஒவ்வொன்றாக வரும்.

மனைவியிடம் பையைக் கொடுத்தேன். அவள் அடிப்பக்கம் தையல் போட்டுக் கொடுத்தாள். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால், லோங்காங் சாக்கடை ஓரத்தில் ஒரு ஜம்பு மரம் நின்றது. மலையில் அந்த வளைவில் நாங்கள் அள்ளிய இலையும் ஏறத்தாழ இதே சாடை. எனக்குப் படிப்புத்தான் இல்லை, கண் இருக்கிறது. மரத்தடியில் மக்கிக் கிடந்ததைச் சல்லடை இல்லாமல் கையாலேயே நொறுக்கிப் பையை நிரப்பினேன். உள்ளே இருந்த சீட்டு கிழியாமல் தப்பியிருந்தது. அதையே உள்ளே போட்டுக் கட்டினேன். பினாங்கு மலை, மூன்றாவது வளைவு, ஏழாம் பை.

எட்டில் ஒரு பை. எறும்பும் மண்ணும்தான் இருக்கும், தூக்கிப் போடுவார்கள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் விட்டு அக்கா வந்தார். காலிப் பைகளை மடிக்கும்போது ஏழாவதைத் திருப்பிப் பார்த்தார்.

"கிழிஞ்சிருந்துச்சா தம்பி?"

"ஆமாக்கா. முள்ளு கிழிச்சிருச்சு. வீட்டுல தச்சாங்க."

"என்னா அழகான தையல். உங்க வீட்டம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்.

பத்து நாள் கழித்து அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். கருவியில் கண்ணை வைக்கச் சொன்னார். அத்தனை வருடத்தில் டிரைவரை யாரும் அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை. முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு பழுப்பாக, பளபளவென்று ஒன்று.

"இது எந்த வீட்டுலயும் உக்காரல தம்பி" என்றார். குரல் நடுங்கியது. "கொம்பப் பாத்தா நம்ம குடும்பம். வாலு கோணல், அதுவும் சரி. றெக்கை நரம்பு மட்டும் பக்கத்துக் குடும்பம்ங்குது. ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததே இல்ல. யாரும் பாத்த மாதிரி தெரியல."

"எங்க கெடச்சுதுக்கா?"

"ஏழாம் பை. உங்க வீட்டம்மா தச்சது."

அப்போது சொல்லியிருக்கலாம். கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளைக்காரக் கிழவருக்குப் படம் அனுப்பினார். பதில் வந்தது: ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பம் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு மூன்று வேண்டும், பெண்ணும் வேண்டும். கிடைத்தால் இந்தக் குடும்பங்களைப் பிரித்திருக்கும் எல்லைக்கோட்டையே மாற்ற வேண்டியிருக்கும். எழுதுங்கள், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வரியை அக்கா இரண்டு முறை படித்துக் காட்டினார். அதுவரை அவர் பிரித்ததையெல்லாம் வேறு யாராவதுதான் எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நன்றி என்று போடுவார்களாம். சில நேரம் அதுவும் இல்லை.

அன்றிலிருந்து மூன்றாவது வளைவு.

வேலையில் இருந்த இரண்டு வருடமும் ஆபீஸ் வண்டியில் போனோம். ஓய்வு பெற்ற பிறகு என் பழைய கன்சில் காரில். நானும் அதற்குள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிவிட்டேன். மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு அந்த இரண்டு பலகை உள்ள வாசலில் நிற்பேன். கார் தோட்டத்து வாசலோடு சரி, அதற்கு மேல் நடைதான். அந்த ஜீப் பாதை செங்குத்து. இளவட்டங்களுக்கே மூச்சு வாங்கும். அக்கா பத்தடிக்கு ஒருமுறை நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "பாதை போன மாசம் இவ்வளவு நீளம் இல்லையே" என்பார். நான் சல்லடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். உட்கார்வோம், அள்ளுவோம், சலிப்போம், கட்டுவோம், இறங்குவோம். வீட்டுக் குளியலறையில் ஒரே ஒரு புனல் வைத்திருந்தார். வாரம் முழுக்கப் பல்பு எரியும்.

"ஒண்ணுமில்ல தம்பி. இன்னும் கொஞ்சம் மேல பாக்கணும்."

அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் மேலே. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் கீழே. ஒவ்வொரு முறையும் என்ன கிடைத்தது, அது கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதுவார். என் மனைவி கேட்பாள், "ஏன் லா, அந்தப் பூச்சி வேணும்னா வேற எடத்துல தேடக்கூடாதா?" அவளுக்கு எதுவும் தெரியாது. தைத்த பையை அவள் மறந்தே போயிருந்தாள்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடத்திலேயே யோசித்தேன். ஜம்பு மரத்தடியிலிருந்து இன்னொரு பை அள்ளி, மலைப் பையோடு கலந்துவிட்டால் அக்காவுக்கு இன்னும் இரண்டு மூன்று கிடைத்துவிடும், கதை முடிந்துவிடும் என்று. ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் தைக்கலாம் என்றுதான் புத்தி போனது. சாக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மரம் இல்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் போதவில்லை என்று வெட்டி, வேரைப் பிடுங்கி, சிமெண்ட் போட்டுவிட்டார்கள். பின்பக்கம் நான் போய் எத்தனை நாள் ஆகியிருந்தது என்றுகூடத் தெரியவில்லை. சாக்கை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இப்படி ஆறு வருடம். அறுபத்துநாலு வயதுப் பெண், அறுபத்தொரு வயது ஆண். தேத்தண்ணி ஸ்டால்காரர் எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றே நினைத்தார். "ஆண்டி, அங்கிள கொஞ்சம் வீட்டுல விட்டுட்டு வாங்களேன், பாவமா இருக்கு" என்பார். அக்கா சிரிப்பார்.

கடைசியாகப் போன அன்று இறங்கும்போது அக்கா சறுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, மண்ணும் ரத்தமுமாக இருந்தன. ஸ்டாலுக்கு வந்து அவரை உட்காரவைத்து, கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதும் அவர் அடுத்த மாதத்தைப் பற்றித்தான் பேசினார். வளைவுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது, கயிறு கட்டிக்கொண்டு இறங்கினால் அடியில் நல்ல இலை இருக்கும் என்றார். கார் மேல் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது.

"தம்பி, கதவச் சாத்துங்க. இல்லாட்டி பையத் தூக்கிட்டுப் போயிடும்."

"ஒரு தடவ கிழிச்சுக் கொட்டிட்டுத்தான்க்கா போச்சு" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குரங்கு, மருந்து, தையல், ஜம்பு மரம். ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஆறு வருடம் தூக்கியது, சொல்லி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அக்கா ஈரக் கையோடு குவளையைத் தூக்கி மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு நோட்டை எடுத்தார். விரல் மடங்கவில்லை, பென்சிலை முஷ்டியில் பிடித்துக்கொண்டார்.

"மரத்துல இருந்து லோங்காங் எத்தன அடி?"

"நாலு அடி இருக்கும்."

"மேல் இலையா, அடி இலையா?"

"அடியிலயும் அள்ளினேன்."

"அன்னிக்கு அங்க மழை பேஞ்சிருந்துச்சா?"

"முத நாள் பேஞ்சுது."

"பக்கத்துல யாராச்சும் பூந்தொட்டி வச்சிருந்தாங்களா?"

"நெறைய. கீழ் வீட்டு அம்மா வரிசையா வச்சிருந்தாங்க."

எழுதிக்கொண்டே வந்தவர் அங்கே நிறுத்தினார். "மலைன்னா மலையோடதுன்னு சொல்லலாம். இனி எப்படிச் சொல்றது? ஹார்பர் பக்கத்துல, பூந்தொட்டிக்குப் பக்கத்துல. எந்த ஊரு மண்ணோட, எந்தக் கப்பல்ல வந்துச்சோ" என்றார். என்னிடம் சொல்லவில்லை. நோட்டிடம் சொன்னார். பிறகு, "வண்டிய எடுங்க."

சுங்கை பினாங்கில் அந்தச் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். உரிந்த கையோடு, லோங்காங் ஓரத்து விரிசலில் இருந்த தூசியைத் தூரிகையால் கூட்டிக் குப்பியில் போட்டார். மோட்டார் சைக்கிள் எடுக்க வந்த ஒருவர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, சாவி விழுந்துருச்சா?"

"இல்லப்பா. பூச்சி."

"பூச்சியா? அதுக்கு ஏன் வெயில்ல கஷ்டப்படுறீங்க, எங்க வீட்டு அடுப்படிக்கு வாங்க. மூட்ட மூட்டயா தர்றேன், ஃப்ரீ."

அக்கா அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். என்னைப் பார்க்கவில்லை. குப்பியில் மணலும் சிகரெட் சாம்பலும்தான் இருந்தன.

வீட்டு வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தையல நான் புகழ்ந்தேனே தம்பி. அப்பவாச்சும் வாயத் தொறந்திருக்கலாம்."

"வேலை போயிடும்னு பயந்தேன்க்கா."

"அப்ப பயம். சரி. அதுக்கப்புறம்?"

சல்லடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அக்கா நாலு மாதம் கூப்பிடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பழக்கம். மனைவி, "இன்னிக்கு மலை இல்லையா?" என்பாள். இல்லை என்பேன்.

ஐந்தாம் மாதம் கூப்பிட்டார். போனேன். மெலிந்திருந்தார். மேசையில் கருவி. பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. அதில் ஒரே ஊசி, நுனியில் முக்கோண அட்டை. ஊசியில் மூன்று சீட்டுகள்.

"யுனிவர்சிட்டிக்குக் கொடுத்திடப் போறேன். எடுத்துட்டுப் போறவங்க நாளைக்கு வர்றாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பாக்கணும்."

"அக்கா, மேல இருக்கிறத மட்டும் கழட்டிடுங்கக்கா. மலைன்னு போட்டிருக்கே, அத. ஒங்க காலப் பிடிச்சிக் கேக்குறேன். உண்மைய எழுதிட்டீங்கல்ல, அது போதும்ல."

"போட்ட சீட்டக் கழட்டக் கூடாது. இத்தன வருஷம் கூட இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். "கழட்டிட்டா, நான் ஏன் மலையில போய்த் தேடினேன்னு வர்றவனுக்கு எப்படித் தெரியும்? பைத்தியக்காரின்னு நெனச்சுக்குவான்."

பிறகு ஒவ்வொன்றாகப் படித்து, தமிழில் சொன்னார். முதல் சீட்டு: பினாங்கு மலை, ஜீப் பாதை, மூன்றாவது வளைவு, ஏழாம் பை. இரண்டாவது: ஸ்கிசாப்டெரிடே, அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, அக்காவின் பெயர். மூன்றாவது புதிது, மை இன்னும் கறுப்பாக இருந்தது: மேலே கண்ட இடம் தவறு. சுங்கை பினாங்கு, அடுக்குமாடிக்குப் பின்புறம், லோங்காங்கிலிருந்து நாலு அடி, ஜம்பு மரத்தடி. மரம் இப்போது இல்லை. மலையில் ஆறு வருடம் தேடியும் கிடைக்கவில்லை. எடுத்தவர்...

அங்கே நிறுத்திவிட்டு, நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

"அத நீங்களே படிச்சிக்குங்க."

கண்ணை வைத்தேன். இந்தத் தடவை இமை மயிர் குறுக்கே வரவில்லை. பூச்சி அதே பழுப்பு, அதே பளபளப்பு. குடும்பம் தெரியாமல் அப்படியே நின்றது. சீட்டு ஊசியில் சற்றுக் கீழே இருந்ததால் அக்கா மேல் சீட்டுகளைப் பக்கவாட்டில் நகர்த்தி, கருவியின் திருகைத் திருப்பினார். பூச்சி மங்கி, எழுத்துகள் மேலே வந்தன. வரி வரியாக ஆங்கிலம். ஒன்றும் புரியவில்லை. கடைசி வரியில் மட்டும், இருபது வருடம் வண்டிப் புத்தகத்தில் நான் தினமும் இரண்டு வேளை எழுதிய எழுத்துகள்.

அக்கா பின்னால் நின்று மைக்குப்பியின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

"சரியா இருக்கா தம்பி?"

"சரியாத்தான் இருக்குக்கா" என்றேன்.